கண்ணை மூடினால் முருகன் தெரிகிறாரா?



சமய வகுப்பிலும் இளைஞர் முகாமிலும் தியானம் நடத்துகிறவர்கள் வழக்கமாகச் சொல்வது இது: "எல்லாரும் கண்ணை மூடிக்குங்க. முருகப் பெருமானை மனக்கண்ணால பாருங்க. ஆறு முகம், பன்னிரண்டு கை, பக்கத்துல மயில், கையில வேல்." பெரும்பாலானவர்களுக்கு ஏதோ ஒன்று தெரிந்துவிடுகிறது. ஒருவருக்குப் பத்துமலையில் நிற்கும் தங்க நிறச் சிலை. இன்னொருவருக்கு வீட்டுச் சாமி அறையில் மாட்டியிருக்கும் காலண்டர் படம். கொஞ்சம் மங்கலாக இருக்கும், ஆடும், மறையும். ஆனாலும் தெரியும்.

கிள்ளானில் நாங்கள் ஞாயிறுதோறும் நடத்தும் வகுப்புக்குப் படிவம் நான்கு படிக்கும் ஒரு தங்கச்சி வருகிறார். ஒருநாள் எல்லாரும் பிரசாதம் வாங்கப் போன பிறகு அவர் மட்டும் நின்றார். "அண்ணா, எனக்கு ஒன்னுமே தெரியல. கறுப்பாதான் இருக்கு. முருகன் மட்டும் இல்ல, எங்க அம்மா முகத்தை நினைச்சாக்கூட படமா வராது. மத்தவங்க எல்லாம் பார்க்கறாங்க. அப்போ எனக்கு பக்தியே இல்லையா?"

சின்னக் கேள்விபோலத் தெரியும். ஆனால் இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒன்று: ஏன் தெரியவில்லை? இரண்டு: படம் எதுவும் தெரியாமல் நினைத்தால் அது முருகனை நினைத்ததாகுமா? முதல் கேள்வியை நரம்பியல் அறிஞர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். இரண்டாவதைத் தத்துவவாதிகள் ஆராய்ந்திருக்கிறார்கள். இரண்டையும் ஒன்றாகக் குழப்பினால் ஒரு பிள்ளை தன் பக்தியையே சந்தேகப்படும் நிலை வந்துவிடும். அதனால் தனித்தனியாகப் பார்ப்போம்.

கறுப்பாகத் தெரிகிறவர்கள்

1880-இல் இங்கிலாந்தில் பிரான்சிஸ் கால்டன் என்ற ஆய்வாளர் பலரிடம் ஒரு கேள்வி கேட்டார். இன்று காலை நீங்கள் உட்கார்ந்து பசியாறிய மேசையை மனத்தில் கொண்டுவாருங்கள். அது வெளிச்சமாகத் தெரிகிறதா, நிறம் தெரிகிறதா என்று கேட்டார். சிலர் நேரில் பார்ப்பதுபோலத் தெரிகிறது என்றார்கள். ஆனால் அவர் கேட்ட அறிவியலாளர்கள் பலர், மனக்கண் என்பதெல்லாம் சும்மா ஒரு பேச்சு வழக்கு என்றே அதுவரை நினைத்திருந்தார்கள். மற்றவர்களுக்கு உண்மையிலேயே படம் தெரிகிறது என்பதே அவர்களுக்குப் புதிய செய்தி.

அதற்குப் பிறகு நூறாண்டுக்கு மேல் இந்த விஷயத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 2010-இல் ஆடம் ஸீமன் என்ற பிரிட்டிஷ் நரம்பியல் மருத்துவரும் அவருடைய குழுவும் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார்கள். அவருக்கு வயது 65. இதய ரத்தக் குழாய்ச் சிகிச்சைக்குப் பிறகு அவருடைய மனப்படங்கள் அத்தனையும் மறைந்துபோயின. ஆனால் ஆட்களை அடையாளம் காண்பதில் அவருக்குத் தடுமாற்றம் இல்லை. ஒரு பொருளைத் திருப்பினால் எப்படி இருக்கும் என்ற மாதிரிக் கணக்குகளையும் சரியாகப் போட்டார். முகங்களைக் கண்ணால் பார்க்கும்போது அவருடைய மூளை மற்றவர்களுடையதைப் போலவே இயங்கியது. முகத்தை நினைக்கச் சொன்னபோதுதான் பார்வைக்குரிய பகுதிகள் குறைவாக இயங்கின.

அந்தச் செய்தி பத்திரிகையில் வந்ததும் சிலர் ஸீமனுக்கு எழுதினார்கள். "அவருக்கு இடையில் போனது. எங்களுக்குப் பிறந்ததிலிருந்தே இல்லை." 2015-இல் ஸீமன் இந்த நிலைக்கு 'அஃபாண்டேசியா' என்று பெயர் வைத்தார். நூற்றுக்கு ஒருவர் முதல் நால்வர் வரை இப்படி இருக்கலாம் என்று ஆய்வுகள் மதிப்பிடுகின்றன. நாற்பது பேர் உள்ள வகுப்பில் ஒருவராவது இருக்க வாய்ப்புண்டு. இவர்களில் பலருக்குக் கனவில் மட்டும் படம் வருகிறது என்பது இன்னொரு வியப்பு.

"சும்மா சொல்றாங்க, முயற்சி பண்ணல" என்று நினைப்பவர்களுக்கும் ஒரு பதில் இருக்கிறது. 2022-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்ணின் பாவையை அளந்தார்கள். வெளிச்சத்தைப் பார்த்தால் பாவை சுருங்கும் என்பது நமக்குத் தெரியும். வெளிச்சமான ஒரு வடிவத்தை மனத்தில் நினைத்தாலே பெரும்பாலானவர்களுக்குப் பாவை சுருங்குகிறது. அஃபாண்டேசியா உள்ளவர்களுக்குச் சுருங்கவில்லை. ஆனால் ஒரு வடிவத்துக்குப் பதிலாக நான்கு வடிவங்களை நினைக்கச் சொன்னபோது அவர்களுடைய பாவை விரிந்தது. மனம் கடினமாக உழைக்கும்போது பாவை விரியும். அதாவது, அவர்கள் முயன்றார்கள். படம்தான் வரவில்லை.

பிக்சார் நிறுவனத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான எட் கேட்மல் உலகத்துக்கே கார்ட்டூன் படம் காட்டியவர். திபெத்திய முறைத் தியானம் ஒன்றில், எதிரே ஓர் உருண்டை இருப்பதாகக் காணச் சொன்னபோதுதான் தனக்கு எதுவுமே தெரியவில்லை என்று அவர் கண்டுபிடித்தார். 'தி லிட்டில் மெர்மெய்ட்' படத்தின் கடற்கன்னியை வரைந்த கிளென் கீனும் அப்படிப்பட்டவர்தான். மனத்துக்குள் படம் இல்லாதவர் கையிலிருந்து கோடிக்கணக்கான பிள்ளைகள் பார்த்த படம் வந்திருக்கிறது!

இதுவரை முதல் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. ஏன் தெரியவில்லை? மூளை வேலை செய்யும் விதம் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. உயரம், குரல் மாதிரி இதுவும் ஒரு வேறுபாடு. நோயும் இல்லை, பாவமும் இல்லை.

பிரதிபிம்பமும் பிரதிநிதியும்

ஆனால் இரண்டாவது கேள்வி அப்படியே நிற்கிறது. "சரி, எனக்குப் படம் வராது. அப்போ நான் கண்ணை மூடிக்கொண்டு நினைப்பது யாரை?" இதற்குக் கண் பாவையை அளந்து பதில் சொல்ல முடியாது. இங்கேதான் நரம்பியலும் தத்துவமும் பிரிகின்றன.

ஒரு பொருள் நம் எதிரே இல்லாதபோதும் மனத்துக்குள் அதற்குப் பதிலாக ஏதோ ஒன்று நிற்கிறது. அதைத்தான் இரண்டு துறையும் ஆராய்கின்றன. தமிழில் இதற்கு இரண்டு சொற்களை வைத்துக்கொள்ளலாம். ஒன்று பிரதிபிம்பம், மற்றொன்று பிரதிநிதி. பிரதிபிம்பம் அசலைப் போலவே இருக்கும், கண்ணாடியில் தெரியும் முகம் மாதிரி. பிரதிநிதி அப்படி இல்லை. கிள்ளான் நாடாளுமன்ற உறுப்பினர் கிள்ளானைப் போலவா இருக்கிறார்? அவருக்குள் ஆறும் துறைமுகமும் ஓடுகிறதா? இல்லை. ஆனாலும் நாடாளுமன்றத்தில் அவர் எழுந்து பேசினால் கிள்ளான் பேசியதாகக் கணக்கு. அவர் கிள்ளானுக்காக நிற்கிறார். அவ்வளவுதான்.

மனத்தில் இருப்பது பிரதிபிம்பம் என்று நாம் பழக்கத்தில் நினைத்துக்கொள்கிறோம். அதனால்தான் படம் இல்லையென்றால் நினைவே இல்லை என்று பயப்படுகிறோம். நரம்பியல் கண்டது என்ன தெரியுமா? மூளைக்குள்கூடப் பெரும்பாலும் பிரதிநிதிகள்தான் இருக்கிறார்கள்.

1971-இல் லண்டனில் ஜான் ஓகீஃப், தன் சக ஆய்வாளருடன் சேர்ந்து, எலியின் மூளையில் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியில் ஒரு வகை நரம்புச் செல்களைக் கண்டார். எலி ஓர் அறையின் குறிப்பிட்ட இடத்துக்கு வந்தால் ஒரு செல் துடிக்கும். வேறு இடத்துக்குப் போனால் வேறு செல் துடிக்கும். இதற்காக 2014-இல் மோசர் தம்பதியருடன் சேர்த்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நீங்கள் வட கிள்ளானிலிருந்து கோத்தா பாலம் தாண்டித் தென் கிள்ளானுக்குப் போகும் வழி உங்களுக்குள் இருக்கிறது என்றால், அது இப்படிப்பட்ட செல்களின் உதவியால்தான் இருக்கிறது என்று நரம்பியல் கருதுகிறது. ஆனால் மண்டையைத் திறந்து பார்த்தால் பாலம் மாதிரி எதுவும் இருக்காது. செல்லின் துடிப்பு பாலத்தைப் போல இல்லை. பாலத்துக்காக நிற்கிறது.

2005-இல் வந்த இன்னோர் ஆய்வு இன்னும் சுவையானது. வலிப்பு நோய் அறுவைச் சிகிச்சைக்காக மூளைக்குள் மின்முனைகள் வைக்கப்பட்டிருந்த நோயாளிகளிடம் ரோட்ரிகோ கியான் கிரோகாவும் அவருடைய குழுவும் படங்களைக் காட்டினார்கள். ஒருவருடைய மூளையில் ஒரு செல் நடிகை ஹாலே பெர்ரியின் படத்துக்குத் துடித்தது. வேறு உடையில் இருந்தாலும் துடித்தது. அவருடைய பெயரை வெறும் எழுத்தில் காட்டியபோதும் அதே செல் துடித்தது! உருவத்துக்கும் நாமத்துக்கும் ஒரே செல். கேட்டதும் நம் நாம ஜபம் நினைவுக்கு வருகிறது, இல்லையா? கொஞ்சம் பொறுங்கள். அந்த இடத்துக்குப் பிறகு வருவோம்.

நரம்பியல் அறிஞர் 'மூளை இதைப் பிரதிநிதித்துவம் செய்கிறது' என்று சொன்னால் அவர் பெரும்பாலும் சொல்வது இதுதான்: வெளியே இன்னது நடக்கும்போது உள்ளே இன்ன துடிப்பு நடக்கிறது, அந்தத் துடிப்பை உடல் தன் அடுத்த வேலைக்குப் பயன்படுத்திக்கொள்கிறது. இது அளக்கக்கூடியது, சோதிக்கக்கூடியது. நல்ல அறிவியல்.

யார் நியமித்தது?

தத்துவவாதி இந்த இடத்தில் கையைத் தூக்குகிறார். "எல்லாம் சரி. அந்தச் செல் ஹாலே பெர்ரிக்காகத்தான் நிற்கிறது என்று யார் நியமித்தது?"

விதண்டாவாதம் மாதிரி இருக்கும். ஆனால் பாருங்கள். அதே ஆய்வுகளில், ஜெனிஃபர் ஆனிஸ்டன் என்ற நடிகைக்குத் துடித்த ஒரு செல், அவரோடு அதே தொலைக்காட்சித் தொடரில் நடித்த லீசா குட்ரோவுக்கும் துடித்தது. அப்படியானால் அது ஆனிஸ்டனின் பிரதிநிதியா, அந்தத் தொடரின் பிரதிநிதியா, அல்லது 'இவர்களில் யாராவது ஒருவர்' என்பதன் பிரதிநிதியா? துடிப்பை மட்டும் எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் இதற்குப் பதில் கிடைக்காது. துடிப்பு துடிப்புதான். அது எதைப் பற்றியது என்பது வேறு கேள்வி.

எண்ணம் எப்போதும் ஏதோ ஒன்றைப் பற்றியதாக இருக்கிறது. கல் எதையும் பற்றியதில்லை, மழை எதையும் பற்றியதில்லை, எண்ணம் மட்டும் அப்படி இருக்கிறது. 1874-இல் பிரான்ஸ் பிரென்டானோ என்ற தத்துவவாதி, இதுதான் மனத்தின் தனி அடையாளம் என்றார்.

நமக்கு மிகப் பக்கத்தில் இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. பத்துமலைக் குகையின் வாயில் வேல் வடிவில் இருப்பதைக் கண்டுதான் தம்புசாமிப் பிள்ளை அங்கே முருகனுக்குக் கோயில் அமைத்தார் என்று சொல்வார்கள். 1892-இலிருந்து அங்கே தைப்பூசம் நடக்கிறது. சுண்ணாம்புப் பாறையை நீர் அரித்து அரித்து அந்த வாயில் உருவாகப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகியிருக்கும். அத்தனை காலமும் அது வேலைப் போலத்தானே இருந்தது? ஆனால் அது வேலைப் பற்றியதாக இருந்ததா? இல்லை. பாறை பாறையாக இருந்தது. வேலை அறிந்த ஒரு பக்தர் வந்து பார்த்தபோதுதான் அது வேலுக்காக நின்றது. ஆக, ஒத்த உருவம் மட்டும் போதாது. இப்போது மறுபக்கம் பாருங்கள். மூன்று வயதுக் குழந்தை கிரேயானால் நாலு கோடு கிறுக்கி, "இது மயிலு" என்கிறது. மயிலின் சாயல் கொஞ்சமும் இல்லை. ஆனாலும் அது மயிலைப் பற்றிய படம்தான். ஆக, ஒத்த உருவம் தேவையும் இல்லை.

இன்னொரு விஷயம் தவறு. பிரதிநிதி தவறாகப் பேச முடியும். இருட்டில் கிடக்கும் கயிறு பாம்பாகத் தெரிவது நம் வேதாந்தத்தில் பழைய உதாரணம். அந்த நேரத்தில் கண்ணும் மூளையும் இயற்கை விதிப்படிதான் நடந்தன. ஒரு நரம்புச் செல்லும் எந்த விதியையும் மீறவில்லை. பின்னே தவறு எங்கே இருக்கிறது? 'இது பாம்பு' என்ற எண்ணத்துக்கும் அங்கே கிடக்கும் கயிறுக்கும் நடுவில் இருக்கிறது. மூளையை மட்டும் படம் எடுத்தால் அதில் சரியும் இல்லை, தவறும் இல்லை.

நம் தமிழகத்தில் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, கலிபோர்னியாவில் புகழ்பெற்ற வி.எஸ். ராமச்சந்திரனின் ஆய்வும் இதைக் காட்டுகிறது. கையை இழந்தவர்கள் பலருக்கு, இல்லாத கை இருப்பதாகவே உணர்வு இருக்கும். சிலருக்கு அந்த இல்லாத கை இறுக மூடிக்கொண்டு வலிக்கும். 1990-களில் அவர் சாதாரணக் கண்ணாடி ஒன்றைப் பெட்டிக்குள் நிறுத்தி, இருக்கும் கையின் பிரதிபிம்பம் இழந்த கையின் இடத்தில் தெரியும்படி செய்தார். இருக்கும் கையை விரித்தபோது, இல்லாத கையும் விரிவதைச் சிலர் உணர்ந்தார்கள், வலி தணிந்தது என்றார்கள். எல்லாருக்கும் இது பலிப்பதில்லை. ஆனால் ஒன்று தெளிவானது. அசல் போன பிறகும் பிரதிநிதி பதவியில் இருக்கிறார்!

தத்துவவாதிகள் சும்மா குறை சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடவில்லை. ஃப்ரெட் ட்ரெட்ஸ்கி, ரூத் மில்லிகன் போன்றவர்கள் அறிவியலோடு ஒத்துப்போகும் ஒரு பதிலைத் தேடினார்கள். இதயத்தின் வேலை ரத்தத்தை இறைப்பது. அதனால்தான் இறைக்காத இதயம் பழுதான இதயம். அதுபோல மூளைத் துடிப்புக்கும் ஒரு வேலை உண்டு, அந்த வேலைதான் அது எதைப் பற்றியது என்பதைத் தீர்மானிக்கிறது, வேலையில் பிசகினால் அது தவறு என்றார்கள். எலிக்கும் கயிற்றுக்கும் பாம்புக்கும் இது ஓரளவு பொருந்துகிறது. பூஜ்யத்தைப் பற்றிய எண்ணத்துக்கு? அடுத்த வருஷத்தைப் பற்றிய கவலைக்கு? இறைவனைப் பற்றிய நினைவுக்கு? கண்ணிலும் காதிலும் வந்து மோதாத ஒன்றை எண்ணம் எப்படிப் பற்றிக்கொள்கிறது? ஆய்வுக்கூடத்தில் திரையில் காட்டிய படத்தோடு துடிப்பை ஒப்பிடலாம். முருகனைத் திரையில் காட்ட முடியாது, அவருடைய படத்தைத்தான் காட்ட முடியும். அதனால் எந்த ஸ்கேனும் முருகன் இருக்கிறார் என்று நிரூபிக்கப் போவதில்லை, இல்லை என்றும் நிரூபிக்கப் போவதில்லை. அது ஸ்கேனின் குறையில்லை. அதனிடம் கேட்கக்கூடாத கேள்வி அது.

நம் பெரியோர்கள் இதில் என்ன சொன்னார்கள்?

மேடையில் சிலர் கைத்தட்டலுக்காக ஒன்று சொல்வதுண்டு: "நரம்பியல் இன்று கண்டுபிடித்ததை நம் ரிஷிகள் அன்றே சொல்லிவிட்டார்கள்!" தயவுசெய்து நாம் அப்படிச் சொல்ல வேண்டாம். ஹிப்போகேம்பஸை யாரும் அன்று காணவில்லை. ஆனால் எண்ணம் எப்படிப் பொருளைப் பற்றுகிறது என்ற தத்துவக் கேள்வியில் நம் பெரியோர்கள் அசாத்தியமாக வாதாடியிருக்கிறார்கள். இல்லாத பெருமை எதற்கு, இருக்கும் பெருமையே போதும்.

மனத்துக்குள் ஓர் உருவம் இருக்கிறது, அதைத்தான் நாம் நேரடியாக அறிகிறோம், வெளிப் பொருளை அதிலிருந்து ஊகிக்கிறோம் என்றார்கள் பௌத்தர்களில் ஒரு சாரார். காஞ்சிப் பகுதியில் பிறந்தவராகக் கருதப்படும் திக்நாகர் பௌத்த அளவையியலின் பேராசான். அந்த அளவையியலைத் தமிழில் பேசுகிறது மணிமேகலையின் 29-ஆம் காதை. நியாய மதத்தார் இதை ஏற்கவில்லை. அறிவுக்குத் தனியாக உருவம் கிடையாது, அது பொருளையே நேராகக் காட்டுகிறது என்றார்கள். அத்வைதிகள் இன்னொரு வழி சொன்னார்கள். சோழ நாட்டைச் சேர்ந்த தர்மராஜ அத்வரீந்திரர் 17-ஆம் நூற்றாண்டில் எழுதிய வேதாந்த பரிபாஷையில் ஓர் அழகான உவமை வருகிறது. குளத்து நீர் வாய்க்கால் வழியாக ஓடி வயலில் பாய்ந்ததும் பாத்தியின் வடிவத்தை அடைகிறது. அதுபோல மனம் கண்வழி வெளியே சென்று பொருளின் வடிவத்தை அடைகிறது என்றார். தஞ்சை வயலைப் பார்த்தவருக்குத்தான் இந்த உவமை தோன்றும்! உடலியல்படி மனம் கண்வழி வெளியே போகிறது என்பதை இன்று நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் அவர் பிடித்த கேள்வி இன்னும் உயிரோடு இருக்கிறது: உள்ளே இருப்பது வெளியே இருப்பதை எப்படித் தொடுகிறது?

சைவ சித்தாந்தம் கேட்பது வேறு: அறிகிறவர் யார்? மனம், புத்தி, அகங்காரம், சித்தம் ஆகிய நான்கு அந்தக்கரணங்களும் மாயையிலிருந்து வந்த சடப் பொருள்கள், கருவிகள் என்கிறது சித்தாந்தம். 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞான போதத்தின் நான்காம் சூத்திரம், ஆன்மா இந்தக் கருவிகளில் எதுவும் அல்ல என்றும், அரசனுக்கு அமைச்சர்கள் போல இவை ஆன்மாவுக்கு உதவுகின்றன என்றும் விளக்குகிறது. ஆகவே 'நினைவு மூளையில் நடக்கிறது' என்று கேட்டால் சித்தாந்தி பதற மாட்டார். கருவி சடம்தான் என்று அவரே சொல்லிவிட்டாரே. 'மூளைதான் நினைக்கிறது' என்று சொன்னால்தான் நிறுத்தச் சொல்வார்.

2003-இல் மேக்ஸ் பென்னட் என்ற நரம்பியல் அறிஞரும் பீட்டர் ஹேக்கர் என்ற தத்துவவாதியும் சேர்ந்து எழுதிய நூலிலும் இதே நிறுத்தம் வருகிறது. மூளை பார்க்கிறது, மூளை முடிவெடுக்கிறது என்று பேசுவது பிழை. மனிதர்தான் பார்க்கிறார், மூளை இருப்பதால் அவரால் பார்க்க முடிகிறது என்றார்கள். டேனியல் டென்னட் போன்றவர்கள் அதை மறுத்தார்கள். அப்படிப் பேசுவது ஆய்வுக்கு உதவுகிறது, அதில் தப்பில்லை என்றார்கள். வாதம் இன்னும் முடியவில்லை. இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஹேக்கர் 'மனிதர்' என்று சொன்னது உயிருள்ள உடம்போடு கூடிய ஆளை. மெய்கண்டார் சொன்ன ஆன்மா அது இல்லை. இருவரும் ஒரே இடத்தில் நிற்கச் சொல்கிறார்கள். பிறகு வெவ்வேறு வழியில் போகிறார்கள்.

அப்போ பக்தி எங்கே இருக்கிறது?

அந்தத் தங்கச்சியின் இரண்டாவது கேள்விக்கு இப்போது வரலாம். படம் இல்லாமல் நினைத்தால் அது முருகனை நினைத்ததாகுமா?

ஆகும். ஒரு நினைவு முருகனைப் பற்றியதாவது உள்ளே ஓடும் படத்தால் இல்லை. பளிச்சென்று ஒரு படம் வந்தாலும் அது காலண்டர் படத்தின் நினைவாகவே நின்றுவிடலாம், குகை வாயில் பாறையாகவே நின்றது மாதிரி. படம் வராவிட்டாலும், யாரை நோக்கிக் கூப்பிடுகிறோம் என்பதில் நினைவு முருகனைப் பற்றிவிடலாம், குழந்தையின் கிறுக்கல் மயிலானது மாதிரி. நியமிப்பது அந்தப் பிள்ளைதான். அவருடைய கதைகள், அவருடைய பாட்டு, பரீட்சைக்கு முன் அவர் வாயில் வரும் 'முருகா' எல்லாம் சேர்ந்துதான் நியமிக்கின்றன.

நம் மரபு இதை நடைமுறையில் எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டது. சைவத்தில் இறைவனின் நிலைகள் உருவம், அருவம், அருவுருவம் என்று மூன்று. கோயில் கருவறையில் நாம் அதிகம் வணங்கும் சிவலிங்கம் அருவுருவம். முகம் இல்லை, கை இல்லை, யாரைப் போலவும் இல்லை. ஆனாலும் அதைக் கும்பிடும்போது யாரைக் கும்பிடுகிறோம் என்பதில் நமக்குச் சந்தேகம் வந்ததுண்டா? சிதம்பரத்தில் திரையை விலக்கினால் பொன் வில்வ மாலைகள் தொங்கும் வெட்டவெளிதான். அந்த ஒன்றுமில்லாததைப் பார்க்கத்தான் பல்லாயிரம் பேர் வரிசையில் நிற்கிறார்கள்!

நாம ஜபத்துக்கும் இதுவே. ஒரு செல் முகத்துக்கும் பெயருக்கும் சேர்ந்து துடித்தது என்பதால் நாம ஜபம் நிரூபணமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அந்த ஆய்வு நடிகைகளைப் பற்றியது, கடவுளைப் பற்றியது இல்லை. ஆனால் பெயர் ஒன்றே ஆளைக் கொண்டுவரப் போதும் என்பதில் மூளைக்கு ஒரு தடையும் இல்லை என்று அது காட்டுகிறது. அவ்வளவு போதும்.

தியான சுலோகங்கள் உருவத்தை அங்கம் அங்கமாக வர்ணிப்பது வீண் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். படம் வருகிறவர்களுக்கு அது மனத்தை நிறுத்த நல்ல ஊன்றுகோல். ஊன்றுகோல் பயணம் ஆகாது என்பதுதான் விஷயம்.

அதனால் வகுப்பு நடத்தும் அண்ணன்மார், அக்காமாருக்கு ஒரு வேண்டுகோள். 'பாருங்கள்' என்று மட்டும் சொல்லாதீர்கள். 'பாருங்கள், அல்லது பெயரைச் சொல்லுங்கள், அல்லது ஒரு பாட்டை உள்ளே கேளுங்கள், அல்லது அவர் முன்னால் நிற்பதாக நினைத்துச் சும்மா இருங்கள்' என்று சொல்லிப் பாருங்கள். கூடுதலாகப் பத்து விநாடிதான் ஆகும். முடிந்ததும் "என்ன தெரிஞ்சுது?" என்று வரிசையாகக் கேட்காதீர்கள். தெரியாத பிள்ளை அங்கேதான் பொய் சொல்லப் பழகும்.

படம் தெரியாத தம்பி தங்கைகளுக்கு ஒன்று. யாராவது உங்களிடம் "உன் மூளை அப்படி" என்றால், அது உங்கள் கருவியைப் பற்றிய செய்தி என்று எடுத்துக்கொள்ளுங்கள், நன்றி சொல்லுங்கள். உங்களைப் பற்றிய தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கறுப்பாக இருக்கிறதா? இருக்கட்டும். அந்தக் கறுப்புக்குள் நின்று ஒரு தடவை 'முருகா' என்று கூப்பிடுங்கள். கூப்பிட்டது யாரை என்று உங்களுக்குத் தெரியும்.